எழுபது ரூபாய் தீர்ப்பு

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

நீங்கள், உங்கள் மனைவி, பதினைந்து வயதில் ஒரு மகள். மூன்று பேரும் பெட்டிகளோடு ஒரு மாநகரத்தில் வந்து இறங்குகிறீர்கள். உங்கள் சொந்த ஊர் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறது. வேலை நிமித்தம் இந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள். நகரத்தின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் நான்கு ராத்திரிக்கு ரூம் போட்டாயிற்று. மனசுக்குள் சின்ன உறுத்தல் இருந்ததால் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டும் வைத்துவிட்டீர்கள். 'நாங்கள் வந்து தங்குவதில் உங்களுக்கு ஏதும் ஆட்சேபணை உண்டா?' அதெல்லாம் ஒன்றுமில்லை, தாராளமாக வரலாம் என்று பதிலும் வந்துவிட்டது.

வந்து கவுன்ட்டரில் நிற்கிறீர்கள். ஒரே ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளலாம், மறுநாள் காலையில் காலி செய்துவிட வேண்டும் என்கிறார்கள்.

ரூம் இல்லையா? இருக்கிறது. காசு பாக்கியா? கிடையாது. குடித்துவிட்டு கலாட்டா செய்தீர்களா? அதுவும் இல்லை.

உங்கள் தோல் கறுப்பு. அவ்வளவுதான் விஷயம்.

இது நிஜமாகவே நடந்தது. நாள் ஜூலை 30, 1943. ஊர் லண்டன். இடம் ரஸ்ஸல் சதுக்கத்தில் இருந்த இம்பீரியல் ஹோட்டல். பெட்டியோடு நின்றவர் லியாரி கான்ஸ்டன்டைன். கூட மனைவி நார்மா, மகள் குளோரியா.

கிரிக்கெட் சரித்திரத்தில் கொஞ்சமாவது ஆர்வம் உள்ளவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அந்தக் கான்ஸ்டன்டைனா? அவரேதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில் 1901-ல் பிறந்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அப்பா லெப்ரன், கோகோ எஸ்டேட்டில் ஃபோர்மன். அவரும் கிரிக்கெட்காரர்தான். 1900-ல் இங்கிலாந்து வந்து லார்ட்ஸ் மைதானத்தில் 113 ரன் அடித்தவர். இங்கிலாந்து மண்ணில் ஒரு மேற்கிந்தியர் அடித்த முதல் சதம் அது.

பிள்ளை பதினாறு அடி பாய்ந்தது. 1928-ல் அதே லார்ட்ஸில் மிடில்செக்ஸ் அணிக்கு எதிராக ஓர் ஆட்டம். கான்ஸ்டன்டைன் முதல் இன்னிங்ஸில் 86 ரன். பிறகு பந்துவீச்சில் 57 ரன் கொடுத்து 7 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் 103. ஏறக்குறைய ஒற்றை ஆளாக மேட்சைத் தூக்கிக் கொடுத்தார். வெஸ்ட் இண்டீஸ் தன் முதல் டெஸ்ட் மேட்சை ஆடியதும் அதே வருடம், அதே லார்ட்ஸில். அந்த அணியிலும் அவர் உண்டு.

மறு வருடமே லங்காஷயரில் உள்ள நெல்சன் என்ற ஊரின் கிளப் அவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. நெசவாலைகள் நிறைந்த ஊர். கறுப்பு மனிதரை நேரில் பார்த்தே இராத குழந்தைகள் அவர் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்களாம். ஒன்பது சீசன் ஆடினார். அதில் ஏழு முறை நெல்சனுக்குத்தான் லீக் பட்டம். கொஞ்ச நாளில் ஊரே அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரான கோல்ன் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? நம்ம ஊர் அமர் சிங்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கிரிக்கெட் நின்றது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்நுட்பப் பணியாளர்களை ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்வதற்காக இங்கிலாந்துக்கு வரவழைத்தார்கள். புது தேசம், கடும் குளிர், புரியாத சாப்பாடு, முறைக்கிற சக தொழிலாளிகள். இவர்களுடைய நலனைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டுமே? பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகம் கான்ஸ்டன்டைனை லிவர்பூலில் நல அதிகாரியாக நியமித்தது. தங்க இடம் பிடித்துக் கொடுப்பது, தொழிற்சாலை முதலாளியிடம் பேசுவது, சண்டை வந்தால் விலக்கி விடுவது. இதெல்லாம் அவர் வேலை.

மற்றவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்த அந்த மனிதருக்குத்தான் லண்டனில் ரூம் இல்லை என்றார்கள்.

அவர் லண்டன் வந்ததே ஒரு நல்ல காரியத்துக்கு. லார்ட்ஸில் நிதி திரட்டுவதற்காக ஒரு கிரிக்கெட் மேட்ச். அதில் ஆடுவதற்காக அமைச்சகத்தில் லீவு போட்டுவிட்டு, குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆயிரக்கணக்கான பேர் கை தட்டப்போகிற மைதானம் சில மைல் தூரத்தில். இங்கே ஒரு கவுன்ட்டரில் அவர் 'வேண்டாத விருந்தாளி'.

ஏன் இப்படி? இம்பீரியல் ஹோட்டல் சொன்ன காரணம், அமெரிக்கர்கள்.

1942 தொடங்கி அமெரிக்கப் படைகள் பிரிட்டனில் வந்து குவிந்துகொண்டிருந்தன. ஹிட்லரின் இனவெறியை ஒழிக்க வந்த படை. ஆனால் அந்தப் படைக்குள்ளேயே வெள்ளையருக்குத் தனி அணி, கறுப்பருக்குத் தனி அணி! தங்குமிடம், சாப்பாட்டுக்கூடம் எல்லாமே தனித்தனி. அந்த வழக்கத்தைக் கப்பலில் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். பல ஊர்களில் பிரிட்டிஷ் பொதுஜனங்கள் இதை ரசிக்கவில்லை. லங்காஷயரில் பாம்பர் பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1943 ஜூனில் அமெரிக்க ராணுவ போலீஸுக்கும் கறுப்பு சிப்பாய்களுக்கும் தகராறு முற்றித் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. ஒரு கறுப்பு சிப்பாய் செத்துப்போனார். உள்ளூர் ஜனங்களின் அனுதாபமோ கறுப்பு சிப்பாய்கள் பக்கம்.

ஆனால் வியாபாரிகள் கணக்கு வேறு. இம்பீரியல் ஹோட்டலில் வெள்ளை அமெரிக்கர்கள் தங்கியிருந்தார்கள். கறுப்புக் குடும்பம் ஒன்று பக்கத்து டேபிளில் உட்கார்ந்தால் அவர்கள் முகம் சுளிப்பார்களாம். டாலர் வாடிக்கையாளர் போய்விடக் கூடாதே!

விஷயம் கேள்விப்பட்டு கான்ஸ்டன்டைனின் மேலதிகாரி ஆர்னால்ட் வாட்சன் ஹோட்டலுக்கு ஓடி வந்தார். வெள்ளைக்காரர். மேனேஜர் பெண்மணியிடம் எடுத்துச் சொன்னார். இவர் பிரிட்டிஷ் பிரஜை, அரசாங்க ஊழியர், நாடறிந்த ஆட்டக்காரர். அந்தப் பெண்மணி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கறுப்பர்களைக் குறிக்கும் மிக இழிவான அந்த ஆங்கில வார்த்தையை மறுபடி மறுபடி சொன்னார். இன்று ராத்திரி இருக்கலாம், நாளைக் காலையில் போகாவிட்டால் சாமான்களைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிவிடுவோம் என்று மிரட்டலும் வந்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கான்ஸ்டன்டைன் பயந்த சுபாவம் கொண்டவர் கிடையாது. ஆனால் வாட்சன் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். அரசாங்க வேலையில் இருக்கிறீர்கள், போர்க்காலம், இங்கே ரகளை வேண்டாமே என்றார். அதே கம்பெனிக்குச் சொந்தமான பெட்ஃபோர்ட் ஹோட்டலில் இடம் தரத் தயாராக இருந்தார்கள். பெட்டிகளை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

மேட்சில் ஆடினார். மேட்ச் முடிந்தது.

கதையும் இங்கே முடிந்திருக்கலாம். பெரும்பாலும் இப்படித்தானே முடிகிறது? 'தங்க வேறு இடம் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன? பெரிசுபடுத்தாதே, விடு.' அவமானப்பட்டவனுக்கு ஊர் உலகம் தருகிற இலவச ஆலோசனை இதுதான்.

கான்ஸ்டன்டைன் விடவில்லை. விஷயம் பத்திரிகைகளில் வந்தது. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. அவர் இம்பீரியல் ஹோட்டல் கம்பெனி மீது வழக்குப் போட்டார்.

இனிமேல்தான் சிக்கல். எந்தச் சட்டத்தின்படி வழக்கு? இனப் பாகுபாடு கூடாது என்று அன்றைய பிரிட்டனில் ஒரு சட்டமும் கிடையாது. நிறத்தைக் காட்டி வேலை இல்லை என்று சொல்லலாம். வீடு இல்லை என்று சொல்லலாம். யாரும் கேட்க முடியாது.

ஆனால் ஒரு பழைய வழக்கம் கைகொடுத்தது. வழிப்பறிக் கொள்ளைக்காரர்கள் நடமாடிய அந்தக் காலத்தில் இருட்டிய பிறகு பயணி ஒருவன் சத்திரத்துக் கதவைத் தட்டுகிறான். உள்ளே இடம் இருக்கிறது. அவனிடம் காசும் இருக்கிறது. சத்திரக்காரன் விரட்டிவிட்டால் அவன் கதி? அதனால் ஆங்கிலேய மரபுச் சட்டம் ஒரு விதி வைத்திருந்தது. விடுதி நடத்துகிறவன், இடம் இருந்து, வருகிறவன் காசு கொடுக்கத் தயாராகவும் ஒழுங்காகவும் இருந்தால், நியாயமான காரணமில்லாமல் இடம் மறுக்கக் கூடாது. கடைக்காரன் தன் இஷ்டப்படி வியாபாரம் செய்யலாம். விடுதிக்காரனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. 'பயணி' என்றுதான் சட்டம் சொன்னது. வெள்ளைப் பயணி என்று சொல்லவில்லை.

குதிரை வண்டிக் காலத்து விதியை ஒரு கிரிக்கெட்காரர் இருபதாம் நூற்றாண்டுக் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

1944, ஜூன் 19. வழக்கு விசாரணைக்கு வந்தது. கான்ஸ்டன்டைன் தரப்பில் சர் பாட்ரிக் ஹேஸ்டிங்ஸ். முன்னாள் அட்டர்னி ஜெனரல், அந்தக் காலத்தின் மிகப் பெரிய வக்கீல்களில் ஒருவர். அவருக்கு உதவியாக ரோஸ் ஹெய்ல்பிரான் என்று 29 வயதுப் பெண் வக்கீல். லண்டனின் புகழ்பெற்ற ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் பெண் என்று பிற்காலத்தில் பெயர் வாங்கப்போகிறவர். நீதிபதி நார்மன் பிர்கெட். போர் முடிந்தபிறகு நாஜித் தலைவர்களை நூரம்பர்கில் விசாரித்த நீதிபதிகள் வரிசையிலும் பின்னால் இவர் உட்கார்ந்தார்.

ஹோட்டல் தரப்பு வாதம் என்ன? அவர்களாகத்தான் கிளம்பிப் போனார்கள். நாங்கள் வேறு ஹோட்டலில் இடம் கொடுத்தோம். அவர்களுக்குப் பணநஷ்டம் எதுவும் இல்லை. நஷ்டமே இல்லாதபோது ஈடு எதற்கு?

கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். தராசில் போட்டால் ஹோட்டல் தரப்பு ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை.

பிர்கெட் இதை ஏற்கவில்லை. ஜூன் 28 அன்று தீர்ப்பு சொன்னார். பெட்ஃபோர்டில் இடம் கொடுத்தது இம்பீரியலில் இடம் கொடுத்ததாக ஆகாது. அவர்களாகக் கிளம்பவில்லை, வெளியேற்றப்பட்டார்கள். கான்ஸ்டன்டைன் கோர்ட்டில் நடந்துகொண்ட கண்ணியத்தை வாயாரப் பாராட்டினார். ஹோட்டல் தரப்புச் சாட்சிகள் சொன்னதை நம்பவில்லை.

பணநஷ்டம் இல்லையே என்ற வாதத்துக்கு 240 வருடத்துக்கு முந்தைய ஒரு வழக்கு துணைக்கு வந்தது. 1703-ம் வருட ஆஷ்பி வழக்கு. ஆஷ்பி என்பவரை ஒரு தேர்தலில் ஓட்டுப் போட விடாமல் தடுத்துவிட்டார்கள். அவர் ஓட்டுப் போட நினைத்த வேட்பாளர் எப்படியும் ஜெயித்துவிட்டார். அப்படியானால் ஆஷ்பிக்கு என்ன நஷ்டம்? உரிமை பறிபோனதே நஷ்டம்தான் என்றார் அன்றைய தலைமை நீதிபதி ஹோல்ட். அதே தர்க்கம்தான் இங்கேயும். படுக்க வேறு கட்டில் கிடைத்துவிட்டது என்பதற்காக உரிமை மீறல் இல்லாமல் போய்விடாது.

சரி, நஷ்டஈடு எவ்வளவு?

ஐந்து கினி.

கினி என்பது ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங். ஐந்து கினி என்றால் ஐந்து பவுண்டு ஐந்து ஷில்லிங். அன்றைக்கு நம் ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் மதிப்பு. பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக எழுபது ரூபாய்.

இவ்வளவுதானா என்று எனக்கும் சப்பென்றுதான் ஆனது. பெரிய தொகை கொடுக்க நீதிபதிக்கே ஆசை இருந்தது. ஆனால் பணநஷ்டம் நிரூபிக்கப்படாத வழக்கில் பெயரளவுக்குத்தான் ஈடு தரலாம், சட்டம் தன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

கல்லூரியில் மெர்க்கன்டைல் லா பாடத்தில் இந்தப் 'பெயரளவு நஷ்டஈடு' வரும். இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு அதோடு மறந்துபோன சமாசாரம். அந்த இரண்டு மார்க்குக்குப் பின்னால் இப்படி ஒரு அப்பா, அம்மா, பெண் பெட்டியோடு நிற்பார்கள் என்று அன்றைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இன்றைக்கு அதே கணக்கை வேறு மாதிரி போட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. எழுபது ரூபாய் என்பது ரசீதின் மேல் எழுதிய தொகை. ரசீதுக்கு வேறொரு வேலையும் உண்டு. ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்தது என்பதற்கு அது சாட்சி. 'நடந்தது தப்பு, அதைச் செய்தவர் இவர்' என்று ஒரு பிரிட்டிஷ் கோர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. நிறம் பார்த்துக் கதவைச் சாத்தினால் கோர்ட்டுக்கு இழுக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அடுத்த வருடமே இன்னொரு மரியாதை. 1945 ஆகஸ்ட், லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய டொமினியன்ஸ் அணிக்குக் கேப்டன் இல்லை. அணியில் கறுப்பர் கான்ஸ்டன்டைன் ஒருவர்தான். மற்ற எல்லோரும் வெள்ளையர்கள். அந்த வெள்ளையர்களே அவரைக் கேப்டனாகத் தேர்ந்தெடுத்தார்கள். 45 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துக் காட்டினார்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட்டால் பொய்யாகிவிடும். அந்தப் பழைய விதி 'விடுதி'யை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. போருக்குப் பிறகு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும் பிழைக்கப் போனவர்கள் வாடகைக்கு அறை தேடி லண்டன் தெருக்களில் அலைந்தார்கள். வீட்டு ஜன்னல்களில் 'கறுப்பர்களுக்கு இல்லை' என்று அட்டை. வீட்டு மாடியை வாடகைக்கு விடும் அம்மணி விடுதிக்காரர் ஆகமாட்டாரே! அங்கே கான்ஸ்டன்டைன் தீர்ப்பு செல்லாது.

ஹோட்டல், ரெஸ்டாரன்ட், மதுக்கடை போன்ற பொது இடங்களில் இனப் பாகுபாடு கூடாது என்று பிரிட்டன் சட்டம் போட்டது 1965-ல். வீட்டுக்கும் வேலைக்கும் அது நீண்டது 1968-ல். நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். கடை, உணவகம், ஹோட்டல் எதிலும் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று இருக்கும். அது அமலுக்கு வந்தது 1950 ஜனவரி 26. நம்மை ஆண்டவர்களுக்குப் பதினைந்து வருடம் முன்னாலேயே நாம் எழுதி வைத்துவிட்டோம்.

காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்கு முன் ஒரு நிமிஷம். வாடகைக்கு வீடு தேடிப் போன அனுபவம் உங்களுக்கு உண்டா? ஃபேன் ஓடுகிறதா, தண்ணி வருமா என்று நாம் கேட்பதற்கு முன்னால், 'நீங்க என்ன ஆளுங்க?' என்று வீட்டுக்காரர் கேட்பாரே. அந்தக் கேள்விக்கும் இம்பீரியல் ஹோட்டல் கவுன்ட்டருக்கும் எத்தனை மைல் தூரம்?

கான்ஸ்டன்டைன் பிறகு வக்கீலுக்குப் படித்தார். 1954-ல் நிறவெறி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். டிரினிடாட் சுதந்திரம் பெற்ற 1962-ல் லண்டனில் அந்த நாட்டின் ஹை கமிஷனராக இருந்தவர் அவர்தான். அதே வருடம் சர் பட்டம். 1965 சட்டத்தின்படி அமைந்த இன உறவு வாரியத்தில் உறுப்பினர். 1969-ல் பிரபுக்கள் சபையில் இடம். அந்தச் சபையில் உட்கார்ந்த முதல் கறுப்பர். பட்டப் பெயரில் டிரினிடாடின் மரவாலையும் லங்காஷயரின் நெல்சனையும் சேர்த்துக்கொண்டார். பிறந்த மண்ணும் வரவேற்ற மண்ணும். 1971 ஜூலை 1-ம் தேதி காலமானார்.

அவர் பெட்டியோடு நின்ற அந்த இம்பீரியல் கட்டடமும் இன்று இல்லை. 1960-களின் பிற்பகுதியில் இடித்துவிட்டார்கள். அதே சதுக்கத்தில் அதே பெயரில் வேறு கட்டடம் நிற்கிறது.

தீர்ப்பு மட்டும் இடிபடாமல் இருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்னமும் அதைப் படிக்கிறார்கள். வழக்கின் பெயர் 'கான்ஸ்டன்டைன் எதிர் இம்பீரியல் ஹோட்டல்ஸ்'. நஷ்டஈடு ஐந்து கினி.

வேறு இடம் கிடைத்த பிறகும், 'விடப்பா' என்று எல்லோரும் சொன்ன பிறகும், விடாமல் கேட்டு வாங்கிய எழுபது ரூபாய்.